அடுப்பேறாத இனிப்பு

எங்கள் வீட்டில் அடுப்பு பெரியம்மாவுடையது. மூன்று மருமகள்கள் இருந்த வீடு. நெல் குத்துவது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். உலை வைப்பதும் குழம்பு கூட்டுவதும் உப்புப் போடுவதும் பெரியம்மா மட்டும்தான். என் அம்மா இரண்டாவது மருமகள். பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தும் காய் நறுக்கிக் கொடுக்கும் இடத்தைத் தாண்டி அடுப்பங்கரைக்குள் போனதில்லை. அதில் அம்மாவுக்குக் குறையும் இல்லை. "உப்புக் கூடுனாலும் அவுக பாடு, கொறஞ்சாலும் அவுக பாடு. எனக்கென்ன வந்துச்சு" என்பாள்.

மூன்றாவதாக வந்த சித்திக்குத்தான் அது பழகவில்லை. சித்தி மலையில் வளர்ந்தவள். போடிக்கு மேலே இருந்த தேயிலை எஸ்டேட் ஒன்றில் அவளுடைய அப்பா ஸ்டோர் குமாஸ்தா. கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும். எனக்குப் பத்து. காலையில் எழுந்ததும் தேத்தண்ணி கேட்டாள் என்பதற்காகவே தெருப் பெண்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். பெரியம்மா நீராகாரத்தைக் கும்பாவில் ஊற்றி நீட்டி, "இங்கன இதுதான் தாயீ தேத்தண்ணி" என்றாள். சித்தி அதை வாங்கிக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். அதுவும் பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

சித்தப்பாவுக்குப் போடி பஜாரில் பழக்கம் அதிகம். வாரத்தில் ஒரு நாளாவது ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போய்விடுவார். அங்கே கிறிஸ்தவர் ஒருவரின் கடையில் மலைக்குப் போகும் டப்பா சாமான்கள் எல்லாம் கிடைக்கும். துரைமார் வீடுகளுக்கும் எஸ்டேட் குமாஸ்தாக்களுக்கும் அங்கிருந்துதான் போகும். சித்தப்பா ஒரு முறை மேல்துண்டில் சுற்றி ஒரு பிஸ்கோத்துப் பொட்டலம், ஒரு டின் பால், ஒரு கொக்கோத்தூள் டப்பா, இரண்டு கொப்பரை ஆகியவற்றைக் கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் சித்தியிடம் கொடுத்தார். எனக்குத் தெரிந்தது. அவளுடைய தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் தலைவாருவதை வேடிக்கை பார்ப்பது அப்போது எனக்கு முழுநேர வேலை.

அன்று மத்தியானம் பெரியம்மா கண்ணயர்ந்திருந்தபோது சித்தி கதவைச் சாத்திக்கொண்டு அதைச் செய்தாள். பிஸ்கோத்தை ஒரு துண்டில் முடிந்து செம்பின் அடியால் இடித்தாள். கொக்கோத்தூளைப் போட்டாள். டின் பாலில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுக் கவிழ்த்தாள். பால் என்றால் தண்ணீராக ஓடும் என்று நினைத்திருந்தேன். இது தேன் மாதிரி மெல்ல மடிந்து மடிந்து விழுந்தது. எல்லாவற்றையும் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருட்டி, துருவிய கொப்பரையில் புரட்டி வைத்தாள். அவ்வளவுதான். தீ இல்லை, புகை இல்லை.

"அடுப்பு வேணாமா சித்தி?" என்றேன்.

"வேணாம். யாரையும் கேக்கவும் வேணாம்" என்றாள்.

அதை வாயில் போட்டதும் முதலில் கசந்தது. துப்பிவிடலாமா என்று நினைப்பதற்குள் இனித்தது. அதற்கு முன்பும் பின்பும் ஒரு தின்பண்டம் என்னை அப்படி ஏமாற்றியதில்லை. சித்தி அதைச் சாக்லேட் என்றாள். நாங்கள் கருப்பு உருண்டை என்றோம். நாங்கள் என்றால் நானும் பெரியப்பாவின் கடைசி மகனும். அவனுக்கு ஆறு வயது. ருசி கண்டபிறகு அவனும் சித்தி அறையிலேயே குடியிருந்தான்.

இதெல்லாம் பெரியம்மாவுக்கு எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்? மகனுடைய வாயை முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டாள். சண்டை போடவில்லை. எல்லாருக்கும் சோறு போடும்போது சித்தியின் தட்டுக்கு மேல் அகப்பையை நிறுத்தி, "அடுப்புல ஏறாததெல்லாம் ஒரு பண்டமா? பச்சையாத் திங்கிறது ஆடு மாடுதான்" என்றாள். என் அம்மாகூடச் சிரித்துவிட்டாள். சித்தியும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

பெரியப்பா அந்த வீட்டுக்குத் தலைவர். அவர் செருமினால் தொழுவத்து மாடுகூட நிமிர்ந்து பார்க்கும் என்பார்கள். ஒருநாள் கருப்பு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிய அவர் மகன் நேராக அவர் மேலேயே போய் மோதினான். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பெரியப்பா அதை வாங்கி முகர்ந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் மென்றார். பிறகு குனிந்து, "ஒங்காத்தாகிட்டச் சொல்லிராதலே" என்றார். அதற்குப் பிறகு சித்தி செய்யும்போதெல்லாம் ஒன்றை அவர் துண்டின் மூலையில் அவனே முடிந்துவிட்டு வருவான். சித்திக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் ஆறு வயதுப் பையனாக இருந்தும் அந்த ரகசியத்தை எங்கேயும் விடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சித்தப்பா பங்கு கேட்டார். போடி பஜாரில் சொந்தமாகக் கடை வைக்க அவருக்கு ஆசை. முற்றத்தில் பெரியப்பாவும் அவரும் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. "நான் உயிரோட இருக்குற மட்டும் இந்த வீட்டுல ரெண்டு அடுப்புக் கெடையாது" என்று பெரியப்பா முடித்துவிட்டார். சித்தப்பா வெளியே போனார். ஆனால் ஊர், பேசியது சித்தப்பா என்று சொல்லவில்லை. எஸ்டேட்டுக்காரி சொல்லிக்கொடுத்துப் பேசுகிறான் என்றது.

அதற்கு ஒரு மாதத்துக்குள் பெரியப்பா செத்துப்போனார். விடியற்காலையில் ஏர் கட்டப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பெரியப்பாவின் மூத்த மகளைக் கடமலைக்குண்டில் கட்டிக் கொடுத்திருந்தது. ஆள் போய்ச் சொல்லி, அவள் வண்டி கட்டி வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆகும். அதுவரை பிணத்தை எடுக்க முடியாது. பிணத்தை எடுக்காமல் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் மட்டும் அல்ல. அந்தத் தெரு முழுக்கப் பங்காளிகள். ஒரு வீட்டிலும் புகை இல்லை. மேலத் தெருவிலிருந்து சம்பந்தக்காரர்கள் கம்பங்கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். வந்திருந்த கூட்டத்துக்கு அது பிள்ளைகளுக்கு அரைக் கும்பா வீதம்தான் காணும். பெரியப்பாவின் கடைசி மகன் அதையும் தட்டிவிட்டான். அவனுடைய அப்பாவுக்குப் பக்கத்தில் போகவிடாமல் யாரோ அவனைத் தூக்கித் தூக்கிக் கொல்லைப்புறம் கொண்டுவந்து விட்டார்கள். அழுதழுது குரல் கம்மிப்போய், மறுநாள் காலையில் அவன் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குதுக்கா" என்றான்.

நான் அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். வாழ்க்கையில் முதல்முறை அங்கே பெரியம்மா இல்லாமல் நுழைகிறேன். ஒரு விறகை எடுத்திருப்பேன், அதற்குள் வாசலில் இருந்த ஒரு கிழவி பார்த்துவிட்டாள்.

"ஏ புள்ள! பொணம் கெடக்கையில அடுப்புல கைய வைக்கிற? பொணம் எடுக்குற மட்டும் தீ மூட்டக் கூடாதுன்னு ஒங்காத்தா சொல்லிக் குடுக்கலையா?"

விறகைப் போட்டுவிட்டேன். தீ மூட்டக் கூடாது என்பது எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. நான் சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை என்று பள்ளிக்கூடத்திலும் பெயர் வாங்கியவள். தீ மூட்டாமல் செய்யக்கூடிய பண்டம் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது, அது எனக்குத் தெரியும் என்று நினைத்தபோது, எனக்குப் பெருமையாக இருந்தது. இழவு வீட்டில் இனிப்புச் செய்யக் கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதை ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

சித்தி பெண்களோடு பெண்ணாக மாரடித்துக்கொண்டு முன்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பெட்டிச் சாவி எங்கே தொங்கும் என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் பிஸ்கோத்து இருந்தது, பிரிக்காத டின் பால் ஒன்று இருந்தது, டப்பாவின் அடியில் கொக்கோத்தூள் இருந்தது. டின்னில் ஆணி அடிக்கும் சத்தம் வெளியே கேட்டிருக்கும். ஆனால் வாசலில் கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. கொட்டுக்காரர்கள் அடித்த அடியோடு சேர்த்து நானும் அடித்தேன்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கித் தின்றான். நானும் தின்றேன். மூக்கு ஒழுக, கன்னத்தில் கொக்கோ அப்பியிருக்க அவன் சிரித்தபோது, செத்துப்போன பெரியப்பாவுக்கு என்னால் முடிந்த ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பத்து உருண்டைகள் வந்தன என்று ஞாபகம். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தை எங்கே மூடிவைப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டான்.

கடமலைக்குண்டு அக்காள் அதற்குள் வந்து விழுந்து புரண்டு ஓய்ந்திருந்தாள். பெரியப்பாவைக் குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்துக் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போடும் நேரம். ஒவ்வொருவராகச் சுற்றிவந்து கையில் இருந்த அரிசியை அவர் வாயருகே போட்டுவிட்டுப் போனார்கள். நான் சித்தியின் அறை வாசலுக்கு வந்தபோது கூட்டத்தின் கால்களுக்கு நடுவே அவன் நுழைந்து போய்விட்டான். எல்லாரும் அப்பாவுக்கு ஏதோ ஊட்டுகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனும் ஊட்டினான். கருப்பு உருண்டையை அவருடைய உதட்டில் வைத்து அழுத்தி, "அப்பா, தின்னுங்க. ஆத்தாகிட்டச் சொல்ல மாட்டேன்" என்றான்.

கம்மிய குரலில், கொட்டுச் சத்தத்தில், அவன் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது. நான் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்கு அவன் வாயசைவிலேயே தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை அரிசிக்கு நடுவில் பெரியப்பாவின் வாயில் அப்பியிருந்த கருப்புதான்.

ஒப்பாரி நின்றது. யாரோ கைகாட்ட, கொட்டும் நின்றது.

பெரியம்மாவின் அண்ணன் ஜெயமங்கலத்திலிருந்து வந்திருந்தார். கோடித்துணி கொண்டுவந்த மனிதர். அவர்தான் குனிந்து அதைத் துடைத்து எடுத்தார். முகர்ந்து பார்த்தார்.

"ஏலே, என்னலே இது?"

"முட்டாயி."

"யாரு குடுத்தா?"

அவன் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துப் பயந்துபோனான். வாயைத் திறக்காமல் சித்தியின் அறைப் பக்கம் கையை மட்டும் நீட்டினான். அந்தக் கை என்னைக் காட்டியதா, அறையைக் காட்டியதா என்று யாரும் யோசிக்கவில்லை. நான் நிலைக்கதவோடு ஒட்டி நின்றேன். என்னை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை.

"எழவு வீட்டுல இனிப்பா?" என்றாள் ஒருத்தி. "அடிப் பாதகத்தி. பொணம் கெடக்கு, உருண்ட உருட்டித் திங்கிறாளே!"

"பங்கு கேட்டுக் கெடைக்கலையில்ல. இனிக் கெடைக்கும்னு இப்பவே கொண்டாடுறா" என்றாள் இன்னொருத்தி.

சித்தி அக்காளைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், எழுந்து நின்றாள். அவளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஜெயமங்கலத்து மாமா சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீயாம்மா இதச் செஞ்ச?"

"எம்பெட்டியில இருந்த சாமாந்தாண்ணே."

"அதக் கேக்கல. இன்னிக்குச் செஞ்சயா?"

சித்தி நிமிர்ந்து தன் அறையைப் பார்த்தாள். கதவோடு நின்ற என்னைப் பார்த்தாள். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அது ஒரு நொடிதான் இருக்கும். சித்தப்பா ஆண்கள் பக்கமிருந்து, "செய்யலைன்னு சொல்லேன். வாயத் தொறந்து சொல்லேன்" என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

சித்தி வாயைத் திறந்தாள். "பெரியவுகளுக்கு இது புடிக்கும்ணே" என்றாள்.

அதைவிட அவள் ஆமாம், கொண்டாடத்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம். தலைவிரித்துப் புருஷன் காலடியில் கிடந்த பெரியம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"எம்புருசனுக்கு என்ன புடிக்கும்னு நீ எனக்குச் சொல்றியா?" என்றாள்.

அவள் குரல் உயரவே இல்லை. "இருவத்தஞ்சு வருசம் ஒலை வச்சிருக்கேன். அவுகளுக்கு என்ன புடிக்கும்னு நேத்து வந்தவ சொல்றா. கேட்டுக்கங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு முந்தானையால் பெரியப்பாவின் வாயைத் துடைத்தாள். கருப்பு போன பிறகும் விடாமல் துடைத்தாள். ஜெயமங்கலத்து மாமா கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

அன்று நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்லவில்லை என்று நினைத்தேன். சித்தியும் பொய் சொல்லவில்லை. பெட்டி அவளுடையதுதான், பெரியப்பாவுக்குப் பிடிக்கும் என்பதும் உண்மைதான். யாராவது என் பக்கம் திரும்பி, "ஏத்தா, ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவது என்று தயாராக இருந்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைக்கூட மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. பிணத்தைத் தூக்கினார்கள். கொட்டு மறுபடி முழங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இன்றுவரை என்னைக் கூசவைப்பது அந்த நிம்மதிதான்.

பிணம் போனதும் சித்தி தன் அறைக்குள் போய்வந்தாள். அதற்குப் பிறகு அங்கே மிச்சமிருந்த உருண்டைகளை அம்மாதான் எடுத்துக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் புதைத்தாள். திரும்பி வந்து என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். புளியும் சாம்பலும் வைத்து என் கை நகங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். பாவாடையை அவிழ்த்து அடித்துத் துவைத்தாள். வலித்தது. நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. "போய்ப் படு" என்று மட்டும் சொன்னாள்.

பதினாறு நாளும் சித்தி அந்த வீட்டில்தான் இருந்தாள். அவள் மொண்டு வைத்த தண்ணீரைப் பெரியம்மா கீழே ஊற்றிவிட்டு வேறு குடத்தில் மொண்டாள். சித்திக்குச் சோறு போடாமல் இல்லை. இலையில் வைத்துத் தரையில் நகர்த்திவிடுவாள். சித்தப்பா ஒருநாள் முற்றத்தில் நின்றுகொண்டு, "மதினி, அவ சின்னப் புள்ள. தெரியாமச் செஞ்சிட்டா" என்று சொல்லிப் பார்த்தார். செய்தாளா என்று அவளிடம் தனியாகக் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. பெரியம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று பந்தலிலேயே பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சித்தியை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்புவது, கோபம் ஆறிய பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவானது. பெரியம்மா சம்மதித்தது அந்த ஒன்றுக்குத்தான்.

கோபம் ஆறவில்லை. அடுத்த வருஷம் சித்தப்பாவும் மலைக்கே போய்விட்டார். எஸ்டேட்டில் ஏதோ ஒரு வேலையில் சேர்ந்தார். கடை வைக்கவில்லை. என் அப்பா இறந்தபோது சித்தப்பா மட்டும் வந்து, சுடுகாட்டிலிருந்து அப்படியே போனார். என் கல்யாணத்துக்கு இருவருமே வரவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்களா என்பதை நான் விசாரிக்கவில்லை.

பெரியப்பாவின் கடைசி மகன் இப்போது பேரன் எடுத்துவிட்டான். நல்ல மனிதன், ஊரில் மதிப்பானவன். விசேஷ வீடுகளில் நாலு பேர் கூடினால் அவன் அந்தக் கதையைச் சொல்லுவான். "எங்கப்பா செத்த அன்னிக்கு எங்க சின்னாத்தா என் கையிலேயே முட்டாயியக் குடுத்து அனுப்பிச்சுட்டாக. எனக்கு என்ன தெரியும்? ஆறு வயசு." கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். உருட்டிக் கொடுத்தது யார் என்பது அவனுக்கு மறந்துவிட்டது. பத்துப் பேர் சொல்லக் கேட்டுக் கேட்டு அவனுக்கே சித்தியின் கை ஞாபகம் வந்துவிட்டது. போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது, அவன் என்னைக் காட்டி, "பொய்யின்னா எங்கக்காவக் கேளுங்க. அவுக பக்கத்துல இருந்து பாத்தவுக" என்றான்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என்னைக் கேட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன் என்று எதற்காகக் காத்திருந்தேனோ அதைக் கேட்டார்கள்.

"ஆமா, இருந்தேன்" என்றேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அன்று தூங்கவில்லை. சித்தி ஊரைவிட்டுப் போன காலை நேரம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அதை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

அவளை அழைத்துப்போக அவளுடைய அப்பா போடியிலிருந்து வாடகை வண்டி பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மலைக் குளிருக்குப் போட்ட கம்பளிக் கோட்டை எங்கள் ஊர் வெயிலிலும் கழற்றாமல் நின்றார். அவருக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. வண்டியில் தகரப் பெட்டியை ஏற்றினார்கள். சித்தி எல்லோர் காலிலும் விழுந்தாள். பெரியம்மா காலை இழுத்துக்கொண்டாள். பெரியம்மா, என் அப்பா, அம்மா, ஜெயமங்கலத்து மாமா எல்லோரும் வாசலில்தான் நின்றார்கள். கொஞ்சம் சத்தமாகச் சொன்னாலே கேட்கும் தூரம். வண்டிக்காரர் நுகத்தடியில் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த சித்தி, சக்கரத்தின் பக்கத்தில் நின்ற என்னைக் கூப்பிட்டாள். அந்தப் பதினாறு நாளில் அவளும் நானும் பேசியதே இல்லை. நான் அவளைக் கண்டால் வேறு பக்கம் போய்விடுவேன். அடிப்பாளோ, எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டே போனேன்.

"அன்னிக்கு மிஞ்சுனதுல ஒண்ணு தின்னு பாத்தேன் ஆத்தா" என்று குனிந்து என் காதோடு சொன்னாள். "நல்லாத்தான் வந்திருந்துச்சு. பிஸ்கோத்த இன்னுங் கொஞ்சம் பொடியா நுணுக்கியிருக்கணும்."

சொல்லிவிட்டு, வாசலில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் கயிற்றைக் கட்டி முடித்தார். மாடுகளைத் தட்டிக்கொடுத்தார். ஏறி உட்கார்ந்து, போகலாமா என்பது போல் பின்னால் திரும்பினார். சித்தி அவரைக் கையால் நிறுத்தினாள். என்னைப் பார்ப்பதை விடவில்லை.

எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. சொன்னதற்குப் பதில் எதிர்பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"சரி சித்தி. அடுத்தவாட்டி நல்லாப் பொடியா நுணுக்குறேன்" என்று நானும் மெல்லச் சொன்னேன்.

சித்தி தலையை ஆட்டினாள். "போகலாம்ணே" என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். அவள் என்னைத் திட்டவே இல்லையே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வண்டி தெருமுனை திரும்பும் மட்டும் பின்னாலேயே ஓடிக் கை காட்டினேன்.